பொன்னுதுரைக்கு இலை போடலாமா?

கோலாலம்பூர்
9 ஜூன் 1957

அன்பு சிவகாமிக்கு,

மழை விட்டதா? சமையற்கட்டில் ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு நீ பாட்டுக்கு இருந்துவிடாதே. பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஏறி அடைத்துக் கொடுப்பார். சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று போன கடிதத்திலேயே கேட்டேன், பதில் இல்லை. ஜெயாவின் கணக்குப் பரீட்சை என்ன ஆயிற்று? நீ எழுதுவதே ஒரு பக்கம். அதிலும் பாதி, யார் வீட்டுக் கோழியோ உன் கீரைப் பாத்தியைக் கிளறின கதை.

இங்கே நிற்க நேரமில்லை. ஆகஸ்டு முப்பத்தொன்றில் நாட்டுக்கு விடுதலை வருவதற்குள் ஆசிரியர் எங்கள் உயிரை வாங்கிவிடுவார் போலிருக்கிறது. மெர்டேக்கா மலர் எண்பது பக்கமாம். அதில் பாதியை என் தலையில் கட்டியிருக்கிறார்.

மாதம் ஒன்றாக வரும் 'பர்மாப் போர்முனை' தொடரின் ஐந்தாம் பகுதி இன்று ஞாயிறு மலரில் வந்திருக்கிறது. மத்தியானப் பஸ்ஸில் உனக்கும் வந்திருக்கும். எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அச்சுக் கோக்கிற கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கோத்தார் என்று ஆபீசில் பேச்சு. ஐ.என்.ஏ. பழைய வீரர் சங்கத்தார் நேரிலேயே வந்துவிட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நீயும் பிள்ளைகளும் முன் வரிசையில் உட்கார வேண்டும். வேண்டாம் கிண்டாம் என்றெல்லாம் சொல்லக் கூடாது.

முப்பதாம் தேதிதானே உங்கள் முன்னோருக்குப் படைக்கிற பழப் பார்ச்சு? முந்தின நாளே வந்து சேர்ந்துவிடுவேன். உன் அண்ணன் துரையின் இலைக்கு இந்த வருஷமும் நானே டுரியான் உடைத்து வைக்கிறேன்.

உன்
கருணாகரன்


காஜா பெராங், மலாக்கா
12 ஜூன் 1957

ஜெயா அப்பாவுக்கு சிவகாமி எழுதுவது.

இருமல் நின்னுடுச்சு. கணக்கில் ஜெயாவுக்கு எழுபத்தொன்று. கூரை இன்னும் ஒழுகுது. மூணுக்கும் பதில் சொல்லியாச்சு. இனி நான் கேட்கிறதுக்கு நீங்க பதில் சொல்லணும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ருக்மணி அக்கா வீட்டுல பெண்டுகள் எல்லாரும் கூடிட்டாங்க. தலைமுறை தலைமுறையா மலாக்காவுல இருக்கிற எங்க செட்டி கம்போங் ஜனங்க சங்கதி உங்களுக்குத் தெரியாததா? சாமி பேரும் ஆள் பேரும் தமிழு, வாய் மட்டும் மலாய். அப்பா தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்த புண்ணியத்தில் நானும் அண்ணனும் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டோம். அதனால பத்திரிகையை மடியில விரிச்சு வெச்சு, நீங்க எழுதினதை வரி வரியா மலாயில திருப்பிச் சொல்றது என் வேலை. என் புருஷன் எழுதினதாச்சே, கொஞ்சம் பெருமையாத்தான் சொல்வேன்.

பின்வாங்கி ஓடி வர்றப்போ ஜுரத்துல விழுந்த ஒரு சிப்பாயை எழுதியிருக்கீங்க. புளிய மரத்தடியில படுக்க வெச்சுட்டு அவனோட கூட்டாளி நடந்து போயிட்டான்னு எழுதியிருக்கீங்க. பேர் போடலை. எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தேன். அப்புறம் அந்தச் சிப்பாய் முனகுற இடம் வந்துச்சு. "மாக், ஆயேர், மாக்." நீங்க அப்படியே மலாயில எழுதியிருந்தீங்க. அதை மட்டும் நான் திருப்ப வேண்டியிருக்கலை. வாசிச்ச உடனே எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. 'அம்மா, தண்ணி.'

ருக்மணி அக்காதான் முதல்ல வாயைத் திறந்தாங்க. "சிவகாமி, அது நம்ம துரை இல்லையா?"ன்னாங்க.

உங்க பட்டாளத்துல மலாய் தெரிஞ்சவன் நூறு பேர் இருந்திருப்பான். கடையில பேச, கங்காணிகிட்டப் பேச எல்லாரும் கத்துக்கிட்டதுதான். ஆனா ஜுரம் மண்டைக்கு ஏறினா எந்தத் தமிழன் பெத்தவளை 'மாக்'னு கூப்பிடுவான்? எங்க ஆள்தான் கூப்பிடுவான். எங்க ஆள்ல உங்ககூட வந்தவன் என் அண்ணன் ஒருத்தன்தான்.

அண்ணன் மார்புல குண்டு பட்டுச் செத்துட்டான், என் கையால குழி வெட்டிப் புதைச்சேன்னு மாக் காலடியில உட்கார்ந்து நீங்க சொன்னீங்க. நான் கதவுப் பக்கம் நின்னு கேட்டேன். இப்ப இது யாரு?

சிவகாமி


கோலாலம்பூர்
15 ஜூன் 1957

சிவகாமிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ருக்மணி அக்கா சொன்னாராம், இவளும் நம்பிவிட்டாளாம்!

அது பேராக்கிலிருந்து வந்த ஒரு பையன். வேறு கம்பெனியைச் சேர்ந்தவன். மற்றவர்கள் சொல்லக் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் சேர்த்துத்தான் இம்மாதிரித் தொடர்களை எழுத முடியும். எழுதுகிறபோது கொஞ்சம் கைச்சரக்கும் சேரத்தான் செய்யும். துரை வீட்டில் பேசுகிற பேச்சு என் காதிலேயே இருப்பதால் அந்த இரண்டு வார்த்தைகள் வந்து விழுந்திருக்கலாம். பத்திரிகைத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

செத்துப்போனவனை நினைத்து நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பார்ச்சுக்கு வேண்டிய சாமான்களைப் பார். மங்குஸ்தீன் இங்கே மலிவு, வரும்போது வாங்கி வருகிறேன். ஜெயாவுக்கு வண்ணப் பென்சில் பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லு.

கருணாகரன்


காஜா பெராங்
18 ஜூன் 1957

ஜெயா அப்பாவுக்கு,

பென்சில் பெட்டி சங்கதியை ஜெயாகிட்டச் சொன்னேன். குதிக்கிறா. அவளைச் சமாளிச்ச மாதிரி என்னைச் சமாளிக்க முடியாது.

பேராக் பையன் பேர் என்ன? எந்தத் தோட்டம்? முதல் மூணு பகுதியில செத்தவன் பேர், ஊர், அப்பன் பேர் வரைக்கும் எழுதினீங்களே, இவனுக்கு மட்டும் பேர் இல்லாமப் போச்சா? கைச்சரக்கு சேர்ந்துச்சுங்கிறீங்க. எந்த வரியில சேர்ந்துச்சு, அதைச் சொல்லுங்க.

ரெண்டு பேர் சொல்லாத சேதியை அச்சுல ஏத்த மாட்டேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசுவீங்க. என் அண்ணன் செத்ததுக்கு நீங்க ஒருத்தர்தானே சாட்சி? பதினோரு வருஷமா நாங்க அதை நம்பிக்கிட்டிருக்கோம்.

உங்க வாயிலிருந்து எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அண்ணன் செத்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்லையா? மாக் இருந்தவரைக்கும் ஒவ்வொரு பார்ச்சுக்கும் தாத்தா இலைக்குப் பக்கத்துல அவனுக்கு இலை போட்டாங்க. மூணு வருஷமா நான் போடறேன். சாம்பிராணி காட்டி, பேர் சொல்லி, வந்து சாப்பிட்டுட்டுப் போன்னு கூப்பிடறேன். செத்தவங்களைக் கூப்பிடற கூப்பாடு அது. உசுரோட இருக்கிறவனை அப்படிக் கூப்பிட்டா அவன் ஆயுசை நாமளே அறுக்கிறோம்னு எங்கள்ல சொல்வாங்க. அவன் பர்மாவுல எங்கேயோ கால் கை விளங்காம, ஊர் திரும்ப வழி தெரியாமக் கிடக்கிறப்போ நான் இங்க வருஷா வருஷம் இலை போட்டேனா? இதை நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

பார்ச்சுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. அவனுக்கு இலை போடலாமா, கூடாதா? அதை மட்டும் எழுதுங்க.

சிவகாமி


கோலாலம்பூர்
22 ஜூன் 1957

சிவகாமி,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அடுத்தவன் வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேரத்தில் முழுப் பக்கம் எழுதுகிறவன் நான்.

துரை செத்ததை நான் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து ஏப்ரல். ஐராவதியைவிட்டுத் தெற்கே ஓடி வந்துகொண்டிருந்தோம். வெயில் சொல்லி மாளாது. குடிக்கத் தண்ணீர் இல்லை. துரைக்கு ஆறு நாளாய் மலேரியா. இரண்டு நாள் முதுகில் சுமந்தேன், மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. புளிய மரத்தடியில் இறக்கி வைத்தேன். மூன்று மைல் தள்ளி ஒரு கிராமம் இருந்தது. போய் மாட்டு வண்டி பிடித்து வருகிறேன், இங்கேயே இரு, நகராதே என்று சொன்னேன். வண்டிக்காரனுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. அவனே கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தந்தான். "இதைக் குடுத்துப் பேசு மச்சான்" என்றான். பட்டாளத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நினைவு தெளிந்திருந்தபோது சொன்னது அது. நான் எழுந்ததும் மறுபடி பிதற்ற ஆரம்பித்துவிட்டான். நீ படித்தாயே, அந்த வார்த்தைகள்.

கிராமத்தில் வண்டி இருந்தது, சிவகாமி. மாடும் இருந்தது, வண்டிக்காரனும் இருந்தான். கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரி என்றான். அப்போது வடக்கே டாங்கிச் சத்தம் கேட்டது. துரை இருந்த பக்கம். வண்டிக்காரன் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு தெற்கே ஓடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

உன் மாக் கையில் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தபோது உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மண்ணுல போட்டியா, நாய் நரிக்கு விட்டியா?" என்பது. புதைத்தேன் என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் எப்படி மாற்றுவது?

பேர் போடாமல் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்காவது இறக்கி வைக்காவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. டாங்கிக்குப் பின்னால் வந்தவர்கள் அவனைச் சுட்டார்களா, சிறை பிடித்தார்களா, ஒன்றும் தெரியாது. இலை போடு என்றும் சொல்ல முடியவில்லை, போடாதே என்றும் சொல்ல முடியவில்லை.

கருணாகரன்


காஜா பெராங்
2 ஜூலை 1957

கடிதம் கிடைச்சு ஒரு வாரமாச்சு. எழுதக் கை வராம இருந்தேன்.

பார்ச்சு முடிஞ்சது. வீடு நிறைய ஆளுங்க. அப்பாவுக்கு, மாக்குக்கு, தாத்தாவுக்கு, எல்லாருக்கும் இலை போட்டேன். சோறு, கறி, பலகாரம், டுரியான், ரம்புத்தான் எல்லாம் வெச்சேன். அண்ணனுக்குப் போடலை. பெரிய சின்னம்மா எண்ணிப் பார்த்துட்டு, ஒரு இலை குறையுதேன்னாங்க. நான் காதுல விழாத மாதிரி சாம்பிராணி போட்டேன். ஜெயா விடலை. "மாமா இலை எங்கம்மா? அப்பா வராததால மாமாவுக்குச் சோறு இல்லையா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுச்சு. வயித்துவலின்னு சொல்லிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

அந்தக் கடிகாரத்துக்குப் பதினோரு வருஷமாக் காலையில சாவி குடுத்தவ நான். என் அண்ணன் உசுரைக் காப்பாத்தக் கழற்றிக் குடுத்த பொருள். அதைப் பிடுங்கிக்கிட்டு ஓடி வந்து, எங்க வீட்டுலயே மாட்டி வெச்சு, மணி பார்த்துக் கோலாலம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினீங்க. எப்படி முடிஞ்சது உங்களாலே?

பயந்து ஓடினதைக்கூட விடுங்க. டாங்கி முன்னால எவனும் பயப்படுவான். நான் இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா வந்ததும் சொல்லியிருந்தா மாக் ஆள் விட்டுத் தேடியிருப்பாங்க. செஞ்சிலுவைக்காரங்க அப்ப காணாமப் போனவங்க பேர் எல்லாம் எழுதிக்கிட்டிருந்தாங்க. நகை நட்டை வித்தாவது ரங்கூன் போயிருப்போம். நீங்க பொய் சொல்லி அந்தக் கதவை அடைச்சீங்க. இதைத்தான் என்னால பொறுக்க முடியலை.

இன்னொண்ணும் கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கிட்டது எதுக்கு? அண்ணனை விட்டுட்டு வந்த பாவத்துக்குத் தங்கச்சிக்குச் சோறு போடலாம்னா?

வீட்டுக்கு வராதீங்க. பிள்ளைகளுக்கு எழுதறதா இருந்தா எழுதுங்க, வாசிச்சுக் காட்டறேன். எனக்கு எழுதாதீங்க.


கோலாலம்பூர்
8 ஜூலை 1957

சிவகாமி,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்.

இத்துடன் நேற்றைய ஞாயிறு மலரை அனுப்பியிருக்கிறேன். ஆறாம் பகுதி வரவேண்டிய இடத்தில் இது வந்திருக்கிறது:

"திருத்தம். இத்தொடரின் ஐந்தாம் பகுதியில், நோயுற்ற தோழனை விட்டுச் சென்றதாக எழுதப்பட்ட சிப்பாய் வேறு யாருமல்ல, இதை எழுதும் கருணாகரனே. விடப்பட்டவர் பெயர் பொன்னுதுரை, மலாக்கா காஜா பெராங்கைச் சேர்ந்தவர், அப்போது வயது இருபத்து மூன்று. 1945 ஏப்ரல் மூன்றாம் வாரம், போப்பா மலைக்குத் தெற்கே, சாலையோரப் புளிய மரத்தடி. அவரைப் பிறகு உயிருடனோ பிணமாகவோ கண்டவர்கள் கீழ்க்கண்ட விலாசத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்."

விலாசம் உன்னுடையது. என்ன சேதி வந்தாலும் முதலில் பிரிக்க வேண்டியவள் நீ.

ஆசிரியர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். மெர்டேக்கா நேரத்தில் பத்திரிகை மானம் போகும், சும்மா ஒரு விளம்பரமாகப் போடு, உன் பேரை எடுத்துவிடு என்றார். பேரை எடுத்தால் அது இன்னொரு பொய். தொடரை நிறுத்திவிட்டார்கள். என்னை இரவுச் செய்திப் பிழை பார்க்கப் போட்டிருக்கிறார்கள். சங்கத்தார் பொன்னாடையை வேறு யாருக்கோ போர்த்துவார்கள். ஒருவர் தெருவில் என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஊரார் வாயிலிருந்து உன் காதில் விழுவதற்குள் நானே சொல்லிவிடலாமென்றுதான்.

நீ கேட்டதற்குப் பதில். முதல் வருஷம் உன் வீட்டுக்கு வந்ததெல்லாம் பாவத்துக்காகத்தான். விறகு பிளந்தேன், அரிசி வாங்கிப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் நான் பத்திரிகைக்கு எழுதின முதல் கட்டுரையை நீ படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் சரி, இவ்வளவு நீளமா யார் படிப்பாங்க?" என்றாய். அன்றிலிருந்து உனக்காக வந்தேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

கருணாகரன்


காஜா பெராங்
19 ஜூலை 1957

ஜெயா அப்பாவுக்கு,

நேத்து கெடாவிலிருந்து ஒரு கடிதம் வந்துச்சு. சங்கரன்னு ஒருத்தர், தோட்டத்துல கணக்கு எழுதற கிராணியா இருக்கார். அவரும் உங்க பட்டாளம்தான். அண்ணனைப் பார்த்திருக்கார்.

அண்ணன் இல்லைங்க. செத்துட்டான். சங்கரன் அண்ணன் ரெண்டு நாள் கழிச்சுக் கைதியா அதே பாதையில திரும்பி வந்தாராம். அப்ப அண்ணன் உடம்பு அந்த மரத்தடியிலயே இருந்துச்சாம். இன்னும் நாலு பேரோட சேர்த்து அங்கேயே புதைச்சாங்களாம். இவரும் ஒரு கை மண் போட்டேன்னு எழுதியிருக்கார். மண்ணுல போட்டாங்க. மாக் கேட்டதுக்குப் பதில் கிடைச்சாச்சு. நான் இத்தனை வருஷம் போட்ட இலை தப்பில்லை. அதை வாசிச்சதும் எனக்கு அழுகை வந்து ரொம்ப நேரம் நிக்கலை. ருக்மணி அக்கா வந்து மடியில போட்டுக்கிட்டாங்க.

இதோட நிறுத்திடலாம்னுதான் பார்த்தேன். 'அன்னைக்கே செத்துட்டானாம், நீங்க திரும்பிப் போயிருந்தாலும் பிரயோசனம் இல்லை'ன்னு ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் வெச்சேன். அப்புறம் கிழிச்சுப் போட்டேன். ஒரு பொய்யோட பத்து வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு, என் பங்குக்கு நானும் ஒண்ணு வேண்டாம். மனசைத் திடமா வெச்சுக்கிட்டு வாசிங்க.

நீங்க போன அன்னைக்குச் சாயங்காலம் அந்த வழியா நோயாளிகளை ஏத்திக்கிட்டு ஒரு வண்டி வந்திருக்கு. பாதை மாத்தித் தப்பிச்சு வந்த வண்டி. அதுல ஒரு ஆளுக்குத்தான் இடம். அப்ப மரத்தடியில அண்ணனும், நீங்க போனப்புறம் அங்க வந்து விழுந்த சங்கரன் அண்ணனும் கிடந்தாங்களாம். ரெண்டு பேர்ல அண்ணனுக்குத்தான் ஜுரம் அதிகம்னு அவனைத் தூக்க வந்திருக்காங்க. அண்ணன் வர மாட்டேன்னுட்டான். "என் மச்சான் வண்டி எடுத்துக்கிட்டு வர்றான். நான் இங்கே இல்லைன்னா தேடி அலைவான், மாட்டிக்குவான். இவரை ஏத்திக்குங்க"ன்னு சொன்னானாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாங்களாம், அசையலையாம். அந்த வண்டி மறுநாள் பிடிபட்டாலும், அதுல வந்ததாலதான் மருந்து கிடைச்சு இன்னைக்கு எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்குன்னு சங்கரன் அண்ணன் எழுதியிருக்கார். உங்க திருத்தத்தைப் பார்க்கிறவரைக்கும் அவன் பேர்கூட அவருக்குத் தெரியாதாம்.

எனக்கு உங்க மேல கோபம் தீரலை. எப்பத் தீரும்னும் தெரியலை. தீராமலே போனாலும் போகும். வீட்டுல உங்ககிட்டப் பேசுவேனா, பேச மாட்டேனான்னு எனக்கே தெரியாது. ஆனா இதை வாசிச்சுட்டு நீங்க அந்த ஊர்ல ஒத்தையா ஒரு ரூம்ல உட்கார்ந்திருப்பீங்கன்னு நினைச்சா என் கை கால் ஓடலை.

அதனாலதான் தபால்ல போடலை. கணேசமூர்த்தி அண்ணன்கிட்டக் குடுத்து அனுப்பியிருக்கேன். நீங்க வாசிச்சு முடிக்கிறவரைக்கும் வெளியே நிப்பார். ஒண்ணும் கேட்க மாட்டார். சாயங்காலப் பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கேன். சட்டையை மாட்டிக்கிட்டு அவரோட கிளம்பி வாங்க.

சிவகாமி